சட்டி வராத நாள்

மதுரையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் முதலாளி ஒருவரிடம் அப்போது வேலையில் இருந்தேன். இலங்கையின் கிழக்குக் கரையில் எருமைத் தயிரை இன்னும் மண் சட்டியில்தான் விற்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது டப்பாக்களை ஒரு பையில் போட்டு, “போய் ஒரு ஆர்டர் பிடிச்சுட்டு வா” என்று அனுப்பிவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனை ஏன் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. சண்டை நடக்கிற நாட்டுக்குப் போக அங்கே வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்முனைக் கடைத்தெருவில் இறங்கியபோது எனக்கு முதல் குழப்பம். எல்லோரும் தமிழ் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. சாறன், அதாவது லுங்கி, விற்கிற கடைக்காரர் ஒருவர் என் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தயிருக்கா? அப்ப நிந்தவூருக்குப் போங்க தம்பி. ஆதம்பாவாட கொட்டில் எண்டு கேளுங்க. அவரோட கதைச்சா முடிவு தெரியும்” என்றார். என்ன முடிவு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பால் இல்லாத தேநீர், உள்ளங்கையில் தனியாகச் சீனி. எருமைப் பால் இவ்வளவு ஓடுகிற ஊரில் தேநீரில் ஏன் பால் இல்லை என்பது இரண்டாவது குழப்பம்.

பஸ்ஸில் போகும்போது இடப்பக்கம் தென்னைகளுக்கிடையே கடல் அவ்வப்போது தெரிந்தது. பள்ளிவாசல் வந்தது, பிறகு கோயில் வந்தது, பிறகு மறுபடி பள்ளிவாசல். எனக்கு எல்லாம் ஒரே ஊராகத்தான் தெரிந்தது. ஆனால் காரைதீவுக்குள் பஸ் நுழைந்ததும் பக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த இருவர் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். ஊரின் எல்லை எங்கே என்று ஒரு பலகையும் இல்லை. நாக்குக்குத் தெரிந்திருந்தது.

காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் நடுவே வயல்வெளியில் ஒரு மதகு. அதன் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிய சென்ரி, ராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையாக நடந்தோம். சிப்பாய் என் பையைத் திறந்து ஒரு டப்பாவை அழுத்திப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். “இதுக்குள்ள என்னத்த வைக்கப் போறாய் எண்டு கேக்கிறான்” என்றார் பின்னால் நின்றவர். தயிர் என்றேன். அவர் மொழிபெயர்த்ததும் சிப்பாய் சிரித்தே விட்டான். அவன் சொன்னதையும் அவரே தமிழில் சொன்னார்: “பிளாஸ்டிக்கில் தயிரா? எங்கள் ஊரில் நாய்கூடத் தொடாது.” ஒரு டப்பாவைத் தன் சோப்பு வைக்க எடுத்துக்கொண்டான். மிச்சம் முப்பத்தொன்பது.

ஆதம்பாவாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் பெரிது, ஆள் சிறிது. ஓலைக் கூரை போட்ட நீளமான கொட்டில், மூன்று அடுப்பு, விருந்துக்குச் சோறு சமைக்கிற மாதிரி பெரிய கிடாரங்கள். காலை எட்டு மணிக்கு இஸ்மாலெவ்வை என்பவரும் இன்னும் இரண்டு எருமைப் பட்டிக்காரர்களும் மேற்கே மேய்ச்சல் தரையிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருவார்கள். பத்து மணிக்குச் சட்டி வரும். பதினொன்றுக்கு ஆதம்பாவாவின் மனைவி சுலைஹா வெதுவெதுப்பான பாலைச் சட்டிகளில் ஊற்றி உறை குத்துவார். உறை அவர் கையால் மட்டும்தான். “நான் குத்தினா தண்ணியாப் போகும். அது என்னெண்டு எனக்கும் தெரியா” என்றார் ஆதம்பாவா. வாரத்தில் மூன்று நாள் காலை கண்டியிலிருந்து லொறி வந்து தயிரை ஏற்றிப்போகும். லொறிக்கு முந்தின நாள் மட்டும்தான் சட்டி வரும்; மற்ற நாள் பாலைப் பட்டிக்காரர்களே நெய்யாக்கிக்கொள்வார்கள்.

ஊரில் எல்லோரும் அவரைச் சுலைஹா தாத்தா என்று கூப்பிட்டார்கள். முதல் முறை கேட்டபோது கிழவர் ஒருவரைத் தேடிப் பார்த்தேன். அக்காவை அங்கே தாத்தா என்பார்களாம். எனக்கு வாய் வரவில்லை, கடைசி வரை அக்கா என்றே அழைத்தேன்.

நான் போனதும் தேடியது சட்டி வைக்கும் அறையைத்தான். இல்லை. கொட்டிலில் ஒரு சட்டிகூட மிச்சமாக இல்லை. சில வருஷம் முன்பு ஓசூரில் ஒரு ஸ்கூட்டர் பாகங்கள் செய்யும் ஆலையில் இருந்தேன். அங்கே ஜப்பான்காரன் முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்டோர் கூடாது, தேவைப்படும் நேரத்தில்தான் சாமான் வரவேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. சூப்பர்வைசர் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார். உண்மையில் நடந்தது என்னவென்றால், சாமான் கொடுக்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் விடியற்காலையிலிருந்தே லாரியோடு கேட் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஆலைக்குள் இருந்த ஸ்டோர் ரோட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். ஓர் ஓலைக் கொட்டிலில் அதே பாடத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

“ஒரு நாள் சட்டி வரலைன்னா?” என்று கேட்டேன்.

“வரும்” என்றார் ஆதம்பாவா.

சுலைஹா அப்படிச் சொல்லவில்லை. “போன மாசம் ஒரு நாள் வரல்ல தம்பி. லொறி வெறுமையாப் பொயித்து. மறுகா வரக்குள்ள நிஸாம், அந்த டிரைவர், மொதலாளி சொன்னாரெண்டு சொன்னான். இன்னொரு தரம் லொறி வெறுமையாத் திரும்பினா அம்பாந்தோட்டைப் பக்கம் ஆளப் பாத்துக்குவாராம். இஞ்ச ஊருக்குள்ள தயிர் ஆரு வாங்குவா? எல்லாருக்கும் எருமை இரிக்கு, இல்லாட்டி எருமை வெச்சிரிக்கிற மச்சான் இரிக்கான். கண்டி இல்லாட்டி இந்த அடுப்பும் இல்ல.”

என் டப்பாக்கள் இங்கேதான் உதவும் என்று மகிழ்ந்து போனேன். ஆயிரம் டப்பா வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டால் யாருக்கும் காத்திருக்க வேண்டாமே. சுலைஹா மறுப்பு ஒன்றும் சொல்லாமல் ஒரு டப்பாவில் பால் ஊற்றி உறை குத்தி வைத்தார்.

மறுநாள் காலை சட்டித் தயிரைக் கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. என் டப்பாவைச் சாய்த்தார். மேலே இரண்டு விரல் தண்ணீர் நின்றது.

“சட்டி தண்ணியக் குடிச்சிரும். உங்கட டப்பா குடிக்காது” என்றார், ஒரு துக்கச் செய்தியைச் சொல்கிற மாதிரி.

இரண்டாம் நாளே என் வேலை முடிந்துவிட்டது. ஆதம்பாவா விடவில்லை. அடுத்த லொறி நாலாம் நாள் காலை வரும், அதிலேயே கண்டிக்குப் போகலாம், அதுவரை இருந்து சாப்பிடுங்கள் என்றார். சாப்பாடு ஒரே பெரிய தட்டில். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து அள்ள வேண்டும். எங்கள் ஊரில் எனக்கென்று ஓர் இலை போடுவார்கள், எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியும். இங்கே ஆணம் என்கிற மீன் குழம்பும் சோறும் எதிர்ப்பக்கத்திலிருந்து என் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தன. யார் தள்ளினார்கள் என்று பார்க்க முடியவில்லை.

சட்டி வருவதைப் பார்க்க முதல் நாளே மதகடிக்குப் போயிருந்தேன். அப்படி ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை. சட்டி செய்பவர் கணவதி. காரைதீவுக்குப் பின்னால் வயலோரத்துக் கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி எண்பது சட்டியோடு வந்தார். மதகின் அந்தப் பக்கத்தில் தன் மாடுகளை அவிழ்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து ஆதம்பாவா தன் மாடுகளை நடத்திக்கொண்டு போய் அதே வண்டியில் பூட்டினார். வண்டி நிந்தவூருக்கு வந்தது. கணவதி தன் மாடுகளோடு வரம்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி வெறும் வண்டிக்காகக் காத்திருந்தார். ஆறு வருஷம் முன்பு அந்தத் தமிழ் ஊர்களுக்கும் இந்த முஸ்லிம் ஊர்களுக்கும் நடந்த கலவரத்தைப் ‘பிரச்சினை’ என்றார்கள். அதற்குப் பிறகு, பஸ்ஸில் கடந்து போவதைத் தவிர, அந்த ஊர் ஆளும் மாடும் இங்கே வருவதில்லை, இந்த ஊர் ஆளும் மாடும் அங்கே போவதில்லை. வண்டிக்கு மட்டும் ஊர் கிடையாது. இருவருக்குமிடையே நடந்த பேச்சு இவ்வளவுதான் (காக்கா என்றால் அங்கே அண்ணன்):

“அடுத்த தரத்துக்கு, காக்கா?”

“அதே எண்பது. ரெண்டு வெடிச்சிரிந்த.”

“வண்டில ஏத்தக்குள்ள முழுசாத்தான் இரிந்த.”

“அப்ப என்ட மாடு கடிச்சிரிக்கும்.”

ஏன் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்று மூவரிடமும் கேட்டேன். கடல் காற்று பட்டால் சட்டி ஈரம் குடித்துவிடும், பிறகு தயிர்த் தண்ணீரைக் குடிக்காது என்றார் ஆதம்பாவா. “வாங்கி வெச்சிட்டாரெண்டா நாளைக்கு நான் ஆரு எண்டு கேப்பாரு” என்றார் கணவதி. முன்பு ஓர் அறை நிறையச் சட்டி இருந்தது, பிரச்சினை நேரத்தில் அத்தனையும் தூளாகிவிட்டது, அதிலிருந்து வீட்டில் எதையும் அடுக்கி வைக்க மனம் வருவதில்லை என்றார் சுலைஹா. மூன்றில் எது காரணம் என்று எனக்கு விளங்கவில்லை. ஓசூர் சூப்பர்வைசரிடம் ஒரு காரணம்தான் இருந்தது.

மூன்றாம் நாள். மறுநாள் காலை லொறி. பால் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்தது. ஆனால் இஸ்மாலெவ்வை சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னார்: “றோட்டப் பூட்டிட்டானுகள். மதகடியில ஏதோ வயர் கிடந்ததாம், கண்ணிவெடியோ எண்டு பாக்கிறானுகளாம். பின்னேரம் வரைக்கும் ஆரும் போக ஏலாதாம்.”

“அப்ப நீ என்னெண்டு வந்த?”

“நான் என்னத்துக்கு றோட்டால வாறன்? வாய்க்கால் வரம்பாலதானே வாற.”

ஆதம்பாவா ரோட்டுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பால் கொதிக்க ஆரம்பித்திருந்தது. வரம்பு வழியாகச் சைக்கிளில் சட்டியைக் கொண்டுவரலாமே என்று நான் யோசனை சொன்னேன்.

“ஒரு சைக்கிளுக்குப் பத்துச் சட்டி. பொயித்து வந்து பொயித்து வரக்குள்ள பால் செத்திரும்” என்றார் இஸ்மாலெவ்வை. “பாலெண்டா கேனுக்குள்ள கிடக்கும். சட்டி அப்பிடியா?”

சுலைஹா அடுப்பிலிருந்து திரும்பினார். “அப்ப பாலக் கொண்டு போவம்.”

ஆதம்பாவா அப்போதுதான் ரோட்டிலிருந்து திரும்பியிருந்தார்.

“என்னடி கதைக்கிற? ஆறு வருசமா இஞ்சால ஒரு ஆள் அங்கால போனதில்ல.”

“சட்டி கிழமைக்கு மூணு தரம் வருதுதானே.”

“சட்டியும் மனிசனும் ஒண்டா? சரி, பாலக் கொண்டு போறம். உறைய ஆரு குத்துற?”

“நான்தான்.”

“உனக்குப் பைத்தியம்.”

“ஓம். கண்டிக்காரன் விட்டுட்டுப் போனா பைத்தியந்தான் புடிக்கும். கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க. அங்க போய்ச் சேரக்குள்ள உறைக்குப் பதமா இரிக்கும்.”

ஐந்து சைக்கிள். பட்டிக்காரர்கள் மூவருக்கும் இரண்டிரண்டு கேன், எனக்கு ஒன்று. ஆதம்பாவாவின் சைக்கிள் கரியரில் சுலைஹா, முக்காட்டை இழுத்துக் கட்டி, மடியில் உறைச் சட்டியோடு. வரம்பு ஒரு முழ அகலம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கதிர் விடப்போகிற குடலை நெல். தொடை பக்கத்தில் கேன் நெருப்பாகச் சுட்டது. நான் பம்பாயில் மூட்டை தூக்கியிருக்கிறேன், கப்பலில் கரி அள்ளியிருக்கிறேன், ஆனால் வரம்பில் சைக்கிள் ஓட்டிப் பழகியதில்லை. பாதி வழியில் ஒரு நண்டு வளையில் சக்கரம் இறங்கி வாய்க்காலுக்குள் விழுந்தேன். கேன் மூடி திறந்து தண்ணீர் வெள்ளையாக ஓடியது.

“எட்டுச் சட்டி! எட்டுச் சட்டியக் கொக்குக்கு ஊத்திட்டான் இந்தியாக்காரன்!” என்று ஆதம்பாவா முன்னாலிருந்து கத்தினார்.

“ஆள் உசிரோட இரிக்கா எண்டு கேளுங்க முதல்ல” என்றார் சுலைஹா. பிறகு என்னைப் பார்த்து, “மிச்சத்த மூடுங்க தம்பி, சூடு போயிரும்” என்றார்.

கிராமத்தின் ஓரத்தில் எல்லோரும் இறங்கி உருட்டினோம். நாய்கள் குரைத்தன. வேலிகளுக்குப் பின்னால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இஸ்மாலெவ்வை வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தார். எனக்கு அவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள், வேலிக்கு உள்ளே நின்றவர்களும் வெளியே வந்தவர்களும். யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்று தெரியாமலே நானும் பயந்தேன்.

கணவதியின் முற்றத்தில் வண்டி சட்டியோடு நின்றது. மதகடிவரை போய்த் திரும்பியிருக்கிறார். மாட்டை அவிழ்த்த கயிறு கையில். எங்களைப் பார்த்ததும் கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

“சட்டி வரல்ல” என்றார் ஆதம்பாவா. “அதான் பால் வந்திரிக்கு.”

கணவதி வாயைத் திறக்குமுன் அவர் மனைவி பூரணம் வெளியே வந்தார். முழங்கை வரை களிமண். “இதாரு?” என்று சுலைஹாவைக் காட்டிக் கேட்டார்.

“சுலைஹா” என்றார் ஆதம்பாவா. “என்ட பொஞ்சாதி.”

“ஓ. உதட்டக் கொற சொல்ற ஆளா?”

சுலைஹா கையிலிருந்த உறைச் சட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. “நான் என்னத்தச் சொன்ன?”

“சட்டி உதடு மெல்லிசா இரிக்கு, தடிப்பா வேணும் எண்டு சொல்லிச் சொல்லி எங்கட கை உளைஞ்சு பொயித்து கா.”

“நானா? நான் மெல்லிசா வேணுமெண்டுதானே நாலு வருசமாச் சொல்றன்! நீங்கதான் மெல்லிசாச் செய்ய ஏலா எண்டு சொல்லி உட்டதா…”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஆதம்பாவாவைப் பார்த்தார்கள். தடித்த சட்டியில் பால் குறைவாகப் பிடிக்கும் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. கணவதி வானத்தைப் பார்த்தார். ஆதம்பாவா, “பால் ஆறுது, பால் ஆறுது” என்று கேனை இறக்கப் போனார்.

வண்டியிலிருந்து சட்டிகளை இறக்கிக் கூரைக்கடியில் வரிசையாக வைத்தோம். சுலைஹா ஒரு விரலைப் பாலில் விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பதம் சரியாக இருந்தது. அவர் குனிந்தபடி சட்டி சட்டியாக உறை குத்திக்கொண்டு போக, பூரணம் கையைக் கழுவிவிட்டு வந்து பின்னாலேயே காகிதம் போட்டு மூடினார். எழுபத்திரண்டு சட்டி. எட்டு வெறுமையாக நின்றது. அது என் கணக்கு.

பூரணம் இளநீர் வெட்டச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்களோ என்று அவர் கணவதியிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. சுலைஹாவுக்கும் கேட்டிருக்கிறது. “எனக்குத் தேத்தண்ணிதான் வேணும். தலை இடிக்கி” என்றார்.

உறை குத்திய பாலை அன்று அசைக்கக் கூடாது. விட்டுவிட்டுப் போகத்தான் வேண்டும். சுலைஹா கிளம்பும்போது மூன்று முறை திரும்பினார். “பூனை இரிக்கா? கோழிய அடைப்பீங்களா? ஆரும் ஆட்டக் கூடா கா.” மூன்றாவது முறை பூரணம், “பேசாமப் போங்க கா, உங்கட புள்ளைய நான் தின்ன மாட்டன்” என்றார். திரும்பும் வழியில் வரம்பில் ஆதம்பாவா ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பேசினார். சட்டி உதட்டைப் பற்றி மட்டும், நிந்தவூர் வரை.

நாலாம் நாள் காலை ரோடு திறந்திருந்தது. ஏழு மணிக்கே லொறி வந்து நின்று ஹோர்ன் அடித்தது. டிரைவர் நிஸாம் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டே இருந்தார். சுலைஹா வாசலுக்கும் கொட்டிலுக்கும் நடந்தார். மதகடியில் மாடு மாற்றிப் பூட்டிய வண்டி எட்டு மணிக்கு வந்தது. மெதுவாக, ஒரு பிணத்தைக் கொண்டுவருகிற வேகத்தில். சுலைஹா முதல் சட்டியின் காகிதத்தை விலக்கிச் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. பிறகு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். அழுகிறாரா தொழுகிறாரா என்று எட்டிப் பார்க்க நான் துணியவில்லை.

லொறியில் டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம். சட்டிகள் பின்னால் வைக்கோலில். வயல் முடிந்து காடு தொடங்கியதும் பேச்சுக் கொடுத்தேன். “உங்க முதலாளி ரொம்பக் கறாரான ஆளோ?”

“எங்கட மொதலாளியா?” நிஸாம் சிரித்தார். “அவருக்கு நான் எந்த ஊர்ல தயிர் எடுக்கிற எண்டே தெரியாது.”

“வெறும் லாரி திரும்பினா அம்பாந்தோட்டையில ஆள் பாத்துக்குவேன்னு சொன்னாராமே?”

“அதா? அது நான் சொன்ன. ஒரு தரம் தயிர் வரும் வரும் எண்டு பகல் வரைக்கும் இஞ்ச காத்துக் கிடந்தன். கடைசியில பாத்தா முந்தின நாள் சட்டியே வரல்லயாம். பொழுது சாஞ்சா இந்தக் காட்டு றோட்டப் பூட்டிருவானுகள் தம்பி. லொறியோட நடுக் காட்டில நிண்டா என்ட கதி என்ன? எனக்கு மூணு புள்ள. கொஞ்சம் பயம் காட்டினா சுணங்க மாட்டாங்க எண்டு சொல்லி வெச்ச. அதுக்குப் பொறகு எல்லாம் நேரத்துக்கு நடக்குது.”

நேற்று நடந்ததைச் சொன்னேன். வரம்பு, சைக்கிள், மடியில் உறைச் சட்டி, வேலிகளுக்குப் பின்னால் நின்ற ஆட்கள். லொறியின் வேகம் குறைந்தது.

“சுலைஹா தாத்தாவா போன? அந்த ஊருக்கா?”

“ஆமா.”

“யா அல்லாஹ். சட்டி இல்லாட்டி நான் வெறும் லொறியோட பொயித்து ரெண்டு நாளையால வந்திரிப்பன். அவ்வளவுதானே!”

ஒரு பள்ளத்தைச் சுற்றி ஓட்டியபடி, “அடுத்த தரம் போகக்குள்ள உண்மையச் சொல்லிரட்டா?” என்று கேட்டார்.

சொன்னால் சுலைஹா நிம்மதியாகத் தூங்குவார். சொன்னால் அந்த முற்றத்துக்கு ஒன்றுமில்லாததற்காகப் போனோம் என்றும் அவருக்கு ஆகிவிடும். சொல்லாவிட்டால் இன்னொரு நாள் ரோடு பூட்டும், அப்போதும் கிளம்புவார், அன்றைக்கு வேலிகளுக்குப் பின்னால் யார் நிற்பார்களோ. இரண்டு பக்கமும் யோசித்தேன். ஒரு பக்கமும் நிற்கவில்லை.

அதற்குள் அடுத்த சென்ரி வந்தது. இறங்கி நடந்தோம், பாஸ்போர்ட்டைக் காட்டினேன், வைக்கோலைக் கிளறினார்கள், மறுபடி ஏறினோம்.

“சொல்லுங்க தம்பி. சொல்லட்டா, வேணாமா?”

தூக்கம் வருகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்டி வரை திறக்கவில்லை.